சன்ன வேருக்குத் தண்ணீர் எமன் அல்ல

பெங்களூரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு விதி ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. வேர் தடித்த ஆர்க்கிட்டை வேண்டுமானால் களிமண் உருண்டையிலும் அடியில் தேங்கிய தண்ணீரிலும் வைத்துப் பார்க்கலாம். ஆன்சிடியம், மில்டோனியாப்சிஸ் போல நூல் நூலாக, அடர்த்தியாக வேர்விடும் செடியை அதில் வைக்கவே கூடாது, சில மாதங்களில் அழுகிவிடும் என்பதே அந்த விதி. நர்சரிக்காரர் இதைச் சொல்லித்தான் செடியைக் கையில் கொடுக்கிறார். கண்காட்சியில் பக்கத்தில் நிற்பவரும் இதையே சொல்கிறார். ஒரு செடியைப் பறிகொடுத்தவரோ சத்தியமே செய்கிறார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. செடிகள் அழுகத்தான் செய்கின்றன. ஆனால் அழுகலுக்கு அவர்கள் சொல்லும் காரணம் தவறு. இந்த ஊரின் வறண்ட காற்றில், உருண்டையும் தேங்கிய நீருமான இந்தச் செமி ஹைட்ரோ முறை எந்த ஆர்க்கிட்டுக்காவது தேவை என்றால், அது முதலில் சன்ன வேர் ஆர்க்கிட்டுகளுக்குத்தான். மாற்றுகிற காலம், மாற்றுகிற விதம், ஊற்றுகிற தண்ணீர் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அவற்றைக் கொல்கிறது. பழியை உருண்டைகள் சுமக்கின்றன.

முதலில் முறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். சூளையில் ஏறத்தாழ 1,100 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது சில வகைக் களிமண் உள்ளுக்குள் வாயு உண்டாகி உப்பும். ஆறியதும் உள்ளே நுண்துளைகள் நிறைந்த லேசான உருண்டையாகிவிடும். கட்டட வேலைக்கென்று பிறந்த இந்தப் பொருளைத்தான் நர்சரிகளில் லேகா பால்ஸ் என்றும் கிளே பால்ஸ் என்றும் விற்கிறார்கள். பக்கவாட்டில், அடியிலிருந்து சுமார் ஓர் அங்குல உயரத்தில் துளையிட்ட தொட்டியில் இதை நிரப்பினால், துளை மட்டம் வரை தண்ணீர் தேங்கி நிற்கும், மீதி வழிந்துவிடும். தேங்கிய நீர் உருண்டைகளின் நுண்துளைகள் வழியே மேலேறும். உருண்டைகளுக்கு இடையே இருக்கும் பெரிய சந்துகளில் காற்று இருக்கும். அமெரிக்காவின் ரே பார்கலோ 1990களில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடையே பரப்பிய ஏற்பாடு இது. இதன் சாரம் தேங்கிய தண்ணீரில் இல்லை. தண்ணீரும் காற்றும் ஒன்றையொன்று வெளியேற்றாமல் ஒரே தொட்டிக்குள் இருப்பதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வாதங்கள் எல்லாம் தெளிவாகும்.

ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலமன் என்ற வெண்ணிற உறை உண்டு. செத்த செல்களால் ஆன அந்த உறை தண்ணீர் பட்ட மாத்திரத்தில் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கும் உயிர்த்திசுவுக்கு விடும். வாண்டாவின் வேர் விரல் தடிமனுக்குப் பக்கத்தில் வரும், ஆகவே அதன் இருப்பும் பெரிது. ஆன்சிடியம் ட்விங்கிளின் வேரோ ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆறு மில்லிமீட்டர் வேரோடு ஒப்பிட்டால், ஒரு மில்லிமீட்டர் வேருக்குத் தன் கன அளவுக்கு ஆறு மடங்கு பரப்பு காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. எனவே அது வேகமாக உறிஞ்சும், அதைவிட வேகமாக உலரும். ட்விங்கிளின் பெற்றோர் இனங்கள் மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரையிலான மலைக்காடுகளைச் சேர்ந்தவை. மில்டோனியாப்சிஸ் கொலம்பியா, ஈக்வடார் பகுதிகளின் மேகக்காடுகளில் வாழ்வது. பாசி படர்ந்த கிளையும் நாள்தோறும் வந்து போகும் மூடுபனியும் அவற்றின் வீடு. முழுக்கக் காய்ந்து, பிறகு முழுக்க நனையும் வாழ்க்கை அவற்றுக்குப் பழக்கமில்லை. சன்ன வேர் என்பது ஈரம் விட்டுப்போகாத இடத்தில் உருவான வேர். அதற்கு ஈரம் ஆகாது என்று சொல்வது அதன் உடலமைப்புக்கே எதிரான பேச்சு.

இந்த ஊர்க் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், எந்தக் கடற்கரையிலிருந்தும் விலகி இருக்கும் பீடபூமி. பிப்ரவரி கடைசியிலிருந்து கோடைமழை இறங்கும் வரை பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போவது சாதாரணம். ஆனால் இங்கே புழங்கும் ஆர்க்கிட் பாடங்களெல்லாம் கேரளக் கரையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்தவை: கரித்துண்டு, செங்கல் ஜல்லி, ஓட்டைக் கூடை, காலையில் ஒரு முறை தண்ணீர். அங்கே காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. டென்ட்ரோபியமும் மொக்காராவும் கரியில் கொழிக்கின்றன. அதே கரிக்கூடையில் ட்விங்கிளை வைத்து ஜெயநகரில் மூன்றாவது மாடி பால்கனியில் தொங்கவிட்டால், மார்ச் மாதத்தில் காலை ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போய்விடும். செடியின் அடியில் நீர் சேமிக்கும் பல்புகளில் சுருக்கம் விழும். புதிய இலைகள் மடிப்பு மடிப்பாக, விசிறி மடித்ததைப் போல வெளிவரும். வளரும் காலத்தில் தண்ணீர் எட்டவில்லை என்பதற்கு ஆன்சிடியம் வெளிப்படையாகக் காட்டும் அடையாளம் இது. நகரத்து ஆன்சிடியம்களில் இந்த மடிப்பை எண்ணிப் பார்ப்பவருக்கு, அழுகலைவிட வறட்சியே இங்கே பெரிய வியாதி என்பது புரியும்.

இந்த இடத்தில் முதல் ஆட்சேபம் வரும்: ஆர்க்கிட் மரத்தில் தொற்றி வளரும் செடி, காற்றில் காயும் வேர், அதை ஈரத்திலேயே வைத்தால் அழுகாதா? பதில் கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது. சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயில் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களில் நரிவால் போலப் பூச்சரம் தொங்கவிடும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா அந்த மழையில் வாரக்கணக்கில் சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது. அதுவோ தடித்த வேர்ச்செடி, காய்ந்து நனைவதற்குப் பழகியது. அதன் வேர்கூட அழுகுவதில்லை, ஏனென்றால் அந்த வேரைத் தொட்டுக்கொண்டே காற்று ஓடுகிறது. ஈரம் மட்டுமே அழுகலுக்குக் காரணம் என்றால் ஜூலை முடிவதற்குள் மலைநாட்டில் ஓர் ஆர்க்கிட்கூட மிஞ்சாது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது; 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது சுமார் 8 மில்லிகிராம்தான். போதாக்குறைக்கு, தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேரைச் சுற்றி நகராத தண்ணீர் தடிமனாகச் சூழ்ந்தால் அது மூச்சு முட்டிச் சாகும். செத்த திசுவில் பித்தியம் போன்ற கிருமிகள் குடியேறும். அழுகல் என்று நாம் பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, தொட்டியில் எவ்வளவு ஈரம் என்பதல்ல. வேருக்குப் பக்கத்தில் காற்று இருக்கிறதா என்பது.

அப்படியானால் காற்றுச் சந்துகள் நிறைந்த உருண்டைகளுக்குள் சன்ன வேர் ஏன் மூச்சு முட்டுகிறது? கடையிலிருந்து வந்த ஓர் ஆன்சிடியத்தைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேர்க்கட்டு தொட்டியின் வடிவத்திலேயே கழன்று வரும். வெளிப்புறம் வெள்ளை வெளேரென்று, பாய் பின்னியதுபோல உறுதியாக இருக்கும். பார்த்தவுடன் ஆரோக்கியமான செடி என்று திருப்தி வரும். அதையே நடுவில் கட்டைவிரல் வைத்துப் பிளந்தால் உள்ளே வேறு கதை. கன்றுப் பருவத்தில் நட்ட ஸ்பாக்னம் பாசி உருண்டை கறுத்து, பிசுபிசுத்து அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் வேர்களை இழுத்தால் உறை கையோடு வர, நடுநரம்பு மட்டும் கம்பிபோல நிற்கும். பலரும் வெளிப்பக்கத்து வெண்மையைக் கலைக்க மனமில்லாமல், வேர்க்கட்டை அப்படியே தூக்கி உருண்டைகளுக்கு நடுவே இறக்கிவிடுகிறார்கள். இங்கேதான் சாவு நிச்சயமாகிறது. தண்ணீர் எப்போதும் பெரிய துளையிலிருந்து சிறிய துளையை நோக்கி நகரும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது இந்த விதிப்படிதான். மட்கிய பாசியின் துளைகள் லேகாவின் துளைகளையும் சந்துகளையும்விட மிக நுண்ணியவை. எனவே அந்தக் கறுத்த உருண்டை அடியில் தேங்கிய தண்ணீரை இடைவிடாமல் தனக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு சொட்டும் வெளியே விடாமல், காற்று புகாத களிம்பாகிறது. சுற்றிலும் லேகா சரியாக வேலை செய்துகொண்டிருக்க, செடி நடுவிலிருந்து அழுகுகிறது. மூன்று மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்ப்பவர் உருண்டைகளைத் திட்டுகிறார். அழுகியது அவர் மாற்றிய ஊடகத்தில் அல்ல, மாற்றாமல் விட்ட ஊடகத்தில்.

தடித்த வேர்ச்செடிகளில் இந்தப் பிழை ஏன் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை என்பதற்கும் இதிலேயே விளக்கம் உண்டு. கேட்லியாவின் வேர்கள் எண்ணிக்கையில் குறைவு, இடைவெளி அதிகம். குழாய்த் தண்ணீரில் காட்டினால் பழைய மட்டைத்தூளும் பாசியும் தானாக உதிரும். சன்ன வேர்ச் சிக்கலில் அது உதிராது, உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும். ஆக, வேரின் தடிமன் ஒரு செடி செமி ஹைட்ரோவுக்குத் தகுதியா என்று தீர்மானிக்கவில்லை. சுத்தம் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வேர்க்கட்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அடியிலிருந்து மேலாக விரலால் நெகிழ்த்தி, நடுவில் இருக்கும் பாசியை மொத்தமாக எடுத்துவிட வேண்டும். அதோடு செத்த உள்வேர்களும் போகட்டும். நடுவில் குழி விழுந்த வேர்ப்பாவாடைதான் மிஞ்சும், பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்தக் குழிக்குள்தான் இனி காற்று இருக்கப்போகிறது.

இவ்வளவு வேரை இழந்த செடி பிழைக்குமா என்பது நியாயமான அடுத்த கேள்வி. வேர் எந்தச் சூழலில் முளைத்ததோ அந்தச் சூழலுக்கு ஏற்ப வளர்கிறது. முற்றிய பிறகு அதால் பெரிதாக மாறிக்கொள்ள முடியாது. உலர்ந்த பட்டைத்துண்டில் வளர்ந்த பழைய வேர் ஈர உருண்டைகளுக்கு நடுவே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஓய்ந்துபோகும். அதை அழுகல் என்று கணக்கெழுதி, முறை தோற்றது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். இதே மாற்றத்தை ஆர்க்கிட் உலகம் ஒவ்வொரு நாளும் கண்டும் காணாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன் 1922இல் ஆர்க்கிட் விதைகளைப் பூஞ்சைத் துணையில்லாமல் சர்க்கரை கலந்த அகார் கூழில் முளைக்கவைத்துக் காட்டினார். இன்று சந்தைக்கு வரும் கலப்பினங்கள் பெரும்பாலும் அவ்வழியில் வந்த கண்ணாடிக் குடுவைகளில் பிறந்தவைதான். குடுவையை உடைத்துக் கன்றைப் பாசியில் நடும்போது கூழில் வளர்ந்த வேர்களில் பல செத்துப்போகின்றன. கன்று புது வேர் விட்டுத்தான் பிழைக்கிறது. அதைப் பார்த்து யாரும் பாசி ஆர்க்கிட்டுக்கு ஆகாது என்று சொல்வதில்லை. கன்றுக்கு ஒரு நியாயம், வளர்ந்த செடிக்கு ஒரு நியாயமா?

வளர்ந்த செடி புது வேரை எப்போது விடும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆன்சிடியம் நினைத்த நேரத்தில் வேர்விடாது. புதுக் குருத்து எழுந்து சில அங்குலம் வளர்ந்த பிறகு அதன் அடியில் பச்சை நுனியோடு வேர்முளைகள் எட்டிப்பார்க்கும். அப்போது மாற்றினால் அந்த முளைகள் உருண்டைகளுக்குள்ளேயே பிறந்து, அந்த ஈரத்துக்கே ஏற்றவையாக வளரும். பழைய வேர்கள் அதுவரை செடியைத் தாங்கினால் போதும். பெங்களூரில் நடப்பதோ நேர்மாறு. குடியரசு தினத்தையொட்டி லால்பாக்கில் மலர்க்கண்காட்சி. ஜனவரி முழுக்க நகரமே செடி வாங்குகிறது. வாங்குவது பூத்து நிற்கும் செடியை, அதாவது வளர்ச்சியை முடித்துச் சேமிப்பையெல்லாம் பூவில் கொட்டிவிட்ட செடியை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தொட்டிக்கு மாற்றுகிறோம் என்று வேரைப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பெங்களூரின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். ஈர உருண்டைகளிலிருந்து ஆவியாகும் நீர் தொட்டியை அதற்கும் கீழே குளிர்விக்கும். புது வேர் இல்லை, பழைய வேர் அடிபட்டிருக்கிறது, தொட்டி சில்லென்று இருக்கிறது. எந்த ஊடகமும் காப்பாற்றாது. சுதந்திர தினக் கண்காட்சி நடக்கும் ஆகஸ்டிலோ காற்றில் ஈரம் உண்டு, இரவுக் குளிர் கடுமையில்லை, பல ஆன்சிடியம்கள் குருத்துவிட்டு வளர்ந்துகொண்டிருக்கும். ஜனவரியில் வாங்கியவர் பூ முடியும் வரை ரசித்துவிட்டு, கோடைமழைக்குப் பிறகு குருத்தின் அடியில் வேர்நுனி தெரியும்வரை காத்திருக்கலாம். நாள்காட்டி ஒரு குறிப்புதான். முடிவு சொல்ல வேண்டியது குருத்தின் அடிப்பக்கம்.

உருண்டையின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சன்ன வேர் லேகாவில் காய்ந்தே செத்தது என்று எதிர்முனையிலிருந்தும் ஒரு குற்றச்சாட்டு வருகிறது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 8 முதல் 16 மில்லிமீட்டர் வரையிலான பெரிய ரகம். ஒரு மில்லிமீட்டர் வேருக்கு அந்தச் சந்துகள் பெரிய அறைகள். வேர் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகளும் குறைவு என்பதால் அடியிலிருந்து தண்ணீர் மேலேறுவதும் கொஞ்ச உயரம்தான். மார்ச் காற்றில் மேல்பாதி வெறும் அலங்காரம். 4 முதல் 8 மில்லிமீட்டர் ரகமோ, அதே அளவில் சலித்த பியூமிஸ் கல்லோ சன்ன வேருக்குப் பொருந்தும். எந்த ரகமானாலும் தூள் போக அலசி, ஒரு நாளாவது ஊறவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். காய்ந்த உருண்டை முதல் வேலையாக வேரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். செடியைப் பிடித்தபடி உருண்டைகளை வேர்ப்பாவாடையின் நடுக்குழிக்குள் முதலில் இறக்கி, தண்ணீர் ஊற்றித் தொட்டியைத் தட்டினால் அவை தானாகச் சந்துகளில் போய் உட்காரும். விரலால் அழுத்தி நிரப்புவது சன்ன வேரை நசுக்கும். வேர்கள் தேக்க மட்டத்துக்கு மேலேயே முடியட்டும். புதியவை வேண்டுமானால் தாமாகவே கீழே இறங்கித் தண்ணீரைத் தொடட்டும்.

இனி பெங்களூருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். சன்ன வேரைக் கொல்லும் மூன்றாவது காரணம் தண்ணீரின் அளவில் இல்லை, அதில் கரைந்திருப்பதில் இருக்கிறது. நகரத்துக்கு இரண்டு விதத் தண்ணீர். தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் பம்பு செய்து கொண்டுவரும் காவிரி ஒன்று, அது மென்மையானது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து போர்வெல்லும் டேங்கர் லாரியும் தருவது இன்னொன்று. பல பகுதிகளில் அது வாளியில் வெள்ளைப் படிவம் விடும் அளவுக்குக் கடினமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொட்டியிலிருந்து நாளுக்கு 100 மில்லி ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் நீரை ஊற்றினால் தினம் 80 மில்லிகிராம் உப்பு உள்ளே தங்கும். முப்பது நாளில் 2.4 கிராம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள நீரானால் 0.6 கிராம். கரிக்கூடையில் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி வழிந்தோடி உப்பையும் கொண்டுபோய்விடுகிறது. தேக்கத்தொட்டியில் தண்ணீர் மேலே ஏறி ஆவியாக, உப்பு மேல் உருண்டைகளில் வெள்ளைப் பூச்சாக நின்றுவிடுகிறது. புதுக் குருத்தின் வேர்முளை அந்த வெள்ளைப் பூச்சைத்தான் முதலில் தொடுகிறது, நுனி கருகுகிறது. சன்ன வேர் ஆர்க்கிட்டுகள் உப்பைச் சகிப்பதில் மிகவும் பலவீனமானவை. இதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கான மருந்து முறையைக் கைவிடுவதல்ல. வாரம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று பங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி அலசிவிடுவதுதான்.

2024 மார்ச்சில் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. வீண் செய்யக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் நீரையும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்த கழிவுநீரையும் செடிகளுக்குத் திருப்பிவிட்டார்கள். வேம்புக்கும் புல்தரைக்கும் அது சரி. ஆர்.ஓ. மெஷின் பாதித் தண்ணீரைச் சுத்தமாக்கிப் பாதியை வெளியே தள்ளினால், வெளியே வருவதில் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைத் தேக்கத்தொட்டியில் ஊற்றுவது செடிக்குச் செய்யும் கொடுமை. மழைநீர் சேகரிக்கும் தொட்டி இந்த நகரத்தில் பல வீடுகளில் கட்டாயமாகிவிட்டது. சில ஆர்க்கிட்டுகளுக்கு அதிலிருந்து வாரம் ஒரு வாளி போதும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை ஒரு முறை தண்ணீரில் நனைத்துப் பார்ப்பவர், அழுகல் என்று சொல்லப்படும் பல கதைகள் உண்மையில் உப்புக் கருகல் என்று கண்டுகொள்வார். அழுகிய வேர் கொழகொழக்கும், பழுப்பாகும். உப்பு தின்ற வேரின் நுனி கறுத்துக் காய்ந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் தண்ணீர் மீது பழி விழுந்தது.

உரத்திலும் இதே குழப்பம். களிமண் உருண்டையில் ஊட்டம் எதுவும் இல்லை. எனவே ஒவ்வொரு முறையும் மிக நீர்த்த உரம் தேவை. கடையில் கிடைக்கும் 19:19:19ஐ லிட்டருக்கு அரை கிராம் கரைத்தாலே 95 மில்லிகிராம் நைட்ரஜன் வந்துவிடுகிறது. அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது. போர்வெல் நீரில் அவை தாமாகவே இருக்கும், மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ வளர்ப்பவர் தனியாகத் தர வேண்டும், இல்லாவிட்டால் புதுக் குருத்தின் நுனி கருகும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்டுகளுக்காக உருவான உரக்கலவை ஆர்.ஓ. நீருக்கு ஒரு விதமாகவும் கிணற்று நீருக்கு இன்னொரு விதமாகவும் வந்ததற்கு இதுவே காரணம். செடி ஒன்றுதான், தண்ணீர் மாறினால் சமையலும் மாற வேண்டும் என்பதை அங்கே முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

கொசுவைக் காட்டி எழும் ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்து, கொசு வளரவிடும் வீடுகளுக்கு அபராதம் விதித்தது. அடியில் தண்ணீர் தேக்கும் தொட்டிகளைப் பால்கனி முழுக்க அடுக்குவது பொறுப்பான காரியமா? தொட்டியின் அமைப்பைப் பொறுத்தது என்பதே பதில். ஓட்டைத் தொட்டியை அலங்காரத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் திறந்து கிடந்தால் அது ஏடிஸ் கொசுவுக்கு மகப்பேறு அறைதான். அந்த அமைப்பைக் கைவிட வேண்டும். பக்கத்துளைத் தொட்டியில் தேக்கம் முழுக்க உருண்டைகளால் நிறைந்திருக்கிறது. திறந்த நீர்ப்பரப்பு அநேகமாக இல்லை. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். உப்புக்காக வாரந்தோறும் செய்யும் அலசலே மிச்சத்தையும் அடித்துச் சென்றுவிடும். குளிரைப் பற்றிய ஆட்சேபத்திலும் உண்மை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தொட்டியைச் சிமென்ட் தரையிலிருந்து எடுத்து உயரத்தில் வைத்து, தேக்கத்தைக் காலி செய்து, காலையில் மட்டும் நனைத்தால் அந்த இரண்டு மாதமும் கடந்துவிடும்.

செலவு அதிகம் என்பவர்கள் ஒரு பக்கக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். தேங்காய் மட்டைத் துண்டு மலிவு, ஆனால் இந்த வெப்பத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மட்கிச் சேறாகும். நன்றாகக் கழுவாவிட்டால் உப்பையும் கூடவே கொண்டுவரும். மட்கியதும் மறுபடி தொட்டி மாற்ற வேண்டும். கேட்லியாவுக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு. சன்ன வேர்ச்செடிக்கோ ஒவ்வொரு மாற்றமும் ஓர் அறுவை சிகிச்சை: மட்கிய தூள் ஒவ்வொரு நூலிலும் ஒட்டியிருக்க, பிய்த்துத்தான் எடுக்க முடியும். லேகா மட்குவதில்லை. செடி தொட்டியை மீறி வளரும்போது அடுத்த அளவுத் தொட்டிக்குள் கட்டோடு வைத்துச் சுற்றி நிரப்பிவிடலாம்; வேரைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு கடினமான மாற்றத்தைச் சரியாகச் செய்தவருக்கு அதன் பிறகு அந்த வேதனையான வேலை இல்லை. எந்தச் செடிக்கு வேர்ச்சேதம் மிகவும் வலிக்குமோ, அந்தச் செடிக்குத்தான் மட்காத ஊடகம் மிகவும் லாபம். சன்ன வேரைக் காட்டி இந்த முறையை மறுப்பவர்கள், தங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சாட்சியை எதிர்த்தரப்பில் நிறுத்திவிட்டார்கள்.

இதனால் எல்லா ஆர்க்கிட்டும் உருண்டைக்கு மாற வேண்டும் என்று ஆகாது. வாண்டாவும் ரிங்கோஸ்டைலிஸும் காற்றில் தொங்கட்டும். கடினமான போர்வெல் நீரைத் தவிர வேறு வழியில்லாதவர், வாரம் ஒரு முறை அலச நேரமில்லாதவர், இரவில் உறையும் ஊட்டியில் கூரையில்லாமல் வளர்ப்பவர் ஆகியோர் கரியிலும் மட்டையிலும் இருப்பதே நல்லது. ஆனால் அவை தண்ணீரையும் நேரத்தையும் தட்பவெப்பத்தையும் சார்ந்த தடைகள். வேரின் தடிமனைச் சார்ந்தவை அல்ல. ஆகவே யாராவது ஆன்சிடியத்தை உருண்டையில் வைத்தேன், அழுகிவிட்டது என்று சொன்னால், அனுதாபத்தோடு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மாற்றிய அன்று குருத்தின் அடியில் வேர்நுனி இருந்ததா? நடுவிலிருந்த பாசி முழுக்க வெளியே வந்ததா? ஊற்றிய தண்ணீரின் டிடிஎஸ் எத்தனை? இந்த மூன்றுக்கும் சரியான பதில் வைத்திருந்தும் செடியைப் பறிகொடுத்தவர்கள் திரண்டு வந்து காட்டட்டும். அதுவரை அந்த விதியை விதி என்று ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.